மேசை இடித்ததென்று சொல்லும் பிள்ளை

அன்புள்ள அமலிக்கு,

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வந்தபின் நம் வீட்டு நடுவறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஆளுக்கொரு விதமாக உன்னிடம் சொல்வார்கள். உன் அப்பா, சன்னலோரம் தன் நாற்காலியில். உன் சித்தப்பா, அவருக்கு எதிரே, சட்டைப் பையில் இரண்டு கைபேசிகளோடு. உன்னை மாலத்தீவுக்கு அனுப்பிவைத்த ஏஜென்ட், கட்டில் விளிம்பில், தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு. உன் தம்பி ஜெரோம், நிலைக்கதவில் சாய்ந்தபடி. நான், அடுப்படி வாசலில், கையில் பித்தளைச் செம்போடு. வேறு ஒருவரும் இல்லை. பங்குச்சாமியார் வந்து சமாதானம் செய்துவைத்தார் என்று உன் சித்தப்பா சொன்னால் நம்பாதே. சாமியாரை யாரும் கூப்பிடவில்லை. அன்று நடந்தது சாமியார் பார்க்கக்கூடிய காரியமாகவும் இல்லை.

உன் கைபேசி அணைந்து கிடக்கிறது. அணைத்து வைக்கச் சொன்னது சித்தப்பா என்பதும் எனக்குத் தெரியும். உன் மடிக்கணினிக்கு அனுப்பினால் நீ பார்ப்பாய் என்கிறான் ஜெரோம். அதனால் தாளில் எழுதுகிறேன், அவன் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புவான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இடது கன்னம் வீங்கி அந்தப் பக்கத்துக் கண் சரியாகத் திறக்கவில்லை. ஏன் என்று கீழே வரும்.

பள்ளிக்கூடத்தில் அந்தக் காரியம் நடந்த அன்று சாயங்காலம் நீ எனக்கு அனுப்பிய குரல் பதிவை நான் அழிக்கவில்லை. அழித்துவிடு என்று மறுநாள் செய்தி அனுப்பினாய், நான் செய்யவில்லை. அதில் நீ சொன்னதை உன் முன்னால் ஒருமுறை வைக்கிறேன், ஏனென்றால் அதன்பிறகு நீ பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்தது வேறு. காலை வகுப்பில் நீ பாடம் வாசித்துக் காட்டினாய். உன் இங்கிலீஷைக் கேட்டு ஷிஃபா சிரித்தாள், அவளைப் பார்த்து வகுப்பே சிரித்தது. பள்ளி விட்டு எல்லாரும் போன பிறகு அவளை மட்டும் நிறுத்தி வைத்து, அதே பக்கத்தை வாசி என்றாய். வாயைத் திறக்காமல் நின்றாள். கையை நீட்டு என்றாய், நீட்டவில்லை. அலமாரியில் இருந்த குச்சியை எடுத்தாய். தோளில் அடித்தாய், முதுகில் அடித்தாய், அவள் குனிந்து திரும்பியபோது கண்ணில் விழுந்தது. "குச்சி முறிஞ்சு போச்சும்மா, ரத்தமா வருதும்மா" என்று அழுதாய். குழாயடியில் அவள் முகத்தைக் கழுவிவிட்டுக்கொண்டே, "மேசை முனையில இடிச்சுக்கிட்டேன்னு சொல்லுடின்னேன், சரி மிஸ்ஸுன்னு தலையாட்டுச்சும்மா" என்றாய். அந்த அறையில் இருந்தது நீங்கள் இரண்டு பேர். நீ மேசை என்று எழுதிக் கொடுத்தாய். அவளும் மேசை என்றாள். பதினோரு வயதுப் பிள்ளை.

உன்னைக் கொடுமைக்காரி என்று நான் எழுதவரவில்லை. அந்தக் குச்சி உன் அலமாரிக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஷிஃபாவின் அப்பா ஹசன் அதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தார். மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிற மனிதர். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, "அம்மா, இங்குட்டும் நம்ம ஊரு மாதிரியேதான். பிள்ளையைப் பெத்தவரே குச்சியைக் கொண்டாந்து குடுத்துட்டுப் போறாரு" என்றாய். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் அப்பாவிடம் சொன்னேன், அவர் பெருமையாகத் தலையாட்டினார். கடல் தாண்டியும் நம் வழக்கம் இருக்கிறதே என்று மூன்று பேருக்கும் சந்தோஷம். அது எதற்கான குச்சி என்று நம்மில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. நம் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தோன்றாது.

உன் அப்பா பள்ளிக்கூட வேலை போக வீட்டில் இங்கிலீஷ் ட்யூஷன் நடத்திய காலம் உனக்கு மறந்திருக்காது. ஒக்கூர்ப் பக்கமிருந்தும் திருப்பத்தூர்ப் பக்கமிருந்தும் விவசாயம் பார்க்கிற சனங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு பொட்டலம் கற்கண்டு, அதன்மேல் குறுக்காகப் புளியம் விளாறு. இலையை உருவி, கணுவைச் சீவி, பதமாக இருக்கும். அதைக் கையில் கொடுத்தால் பிள்ளையைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம், இனிமேல் அடிப்பதற்குக் கேள்வி கிடையாது. ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எங்க கொல்லை மரத்து விளாறு சார், ஒடியவே ஒடியாது. பய வேணா ஒடிவான்." அப்பா வாங்கி வளைத்துப் பார்த்து, "விளாறு தேறிருச்சு. பயல் தேறுவானான்னு பாப்போம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பையனும் சிரித்தான், பாவம், சிரிக்காவிட்டால் அதற்கும் விழும் என்று. அவனவன் வீட்டு விளாறு அவனவனுக்கு. ஒருவன் வீட்டு விளாறால் இன்னொருவனை அடித்துவிட்டால், "எங்க மரத்தைக் கொண்டு அவுக பிள்ளைய அடிச்சீகளாமே" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. பரண்மேல் கட்டுக் கட்டாகக் கிடக்கும். அடுப்படியில் நின்று கொழம்பு தாளிக்கும்போது கடுகு வெடிக்கிற சத்தமும் விளாறு விழுகிற சத்தமும் சேர்ந்துதான் எனக்குக் கேட்டது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். என் இங்கிலீஷ் அத்தனையும் அந்தச் சத்தங்களுக்கு நடுவே அடுப்படியில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டது. அடி வாங்காமல் கற்றுக்கொண்டவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

உனக்கு விளாறு கொண்டுவர வெளியாள் இல்லை. உன் அப்பாவே போய் ஒடித்துக்கொண்டு வந்தார். எட்டாவது படிக்கையில், பையன்கள் வரிசையாகச் சம்மணம் போட்டிருக்க, உன்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். நீ வேறு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "என் மகளாச்சேன்னு விட்டுட்டேன்னு எவனும் சொல்லப்படாது" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். பையன்களுக்கு விழுவதைவிட அதிகம் விழுந்தது உனக்கு, பாரபட்சம் இல்லை என்று காட்ட. பாவாடை நனைந்து மூத்திரம் தரையில் ஓடியது. பையன்கள் நோட்டைப் பார்த்துக்கொண்டார்கள், அந்த மட்டில் நல்ல பிள்ளைகள். நான் துணியை எடுத்துக்கொண்டு வந்து தரையைத் துடைத்தேன். உன்னைத் தூக்கவில்லை, தரையைத் துடைத்தேன். மறுநாள் கொல்லையில் துணி காயப்போடும் கல்தூணை நிற்கவைத்து நீ பாடம் நடத்தினாய். "ரீட்! ரீட்!" என்று தூணை விளாசிக்கொண்டிருந்தாய். கையெல்லாம் சிவந்துவிட்டது. உன் அப்பா சன்னல் வழியே பார்த்துவிட்டு, "டீச்சருக்குப் பொறந்தது டீச்சராத்தான் வரும்" என்றார்.

இதையெல்லாம் எழுதுவது, நீ அடித்ததற்குச் சாக்குச் சொல்ல அல்ல. உன் அப்பா பிள்ளைகளை அடித்த காலத்தில் விளாறு கொடுத்த பெற்றவர்கள் தெரிந்தே கூட நின்றார்கள். நீ அடித்த இடத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மேலே படி.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காப்பி கொடுத்து முடித்ததும் உன் சித்தப்பா தொடங்கினார். "மதினி, ஒண்ணும் பெரிய காரியமில்ல. உங்களுக்கு நெஞ்சுவலி, அம்புட்டுத்தான். ஆஸ்பத்திரில சேத்திருக்கு. மக வந்து பாக்கணும். வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சு."

"எனக்கு நெஞ்சுவலி இல்லையே, தம்பி."

"வர வச்சுக்கிருவோம்மா" என்று ஏஜென்ட் சிரித்தார். "தாயார் சீரியஸ்னு லீவு லெட்டர்ல ஒரு வரி போதும். அங்குட்டிருந்து போன் வந்தா நீங்க கொஞ்சம் முனகினாப் போதும். பாப்பா இங்க வந்து எறங்கிருச்சுன்னா அப்புறம் ஒருத்தனும் ஒண்ணும் செய்ய முடியாது. கொஞ்ச நாள் கழிச்சு ஓமன் பாப்போம், வியட்நாம் பாப்போம். இங்கிலீஷ் டீச்சருக்கு எந்த நாட்டுலயும் கிராக்கிதான்."

"வியட்நாம்லயும் பிள்ளைகளுக்குக் கண்ணு இருக்கும்ல?" என்றான் உன் தம்பி.

"வாய மூடுடா. பெரிய பாதர், பிரசங்கம் வைக்க வந்துட்டாரு" என்றார் சித்தப்பா. உன் அப்பா மட்டும் சன்னலைப் பார்த்தபடியே, "எழுதிக் குடுத்தாச்சு. பிள்ளையும் மேசைன்னுதான் சொல்லுது. அடிபட்டதே சொல்லுறப்ப நமக்கு என்ன வந்துச்சு? வாத்தியார் கை பட்டுச் செத்தவன் எவனும் இல்ல" என்றார்.

அந்தப் பேச்சின் நடுவில்தான் என் கைபேசி அடித்தது. ஹசன். நீ அவர்கள் வீட்டில் மீன்சோறு சாப்பிட்ட அன்று என்னை வீடியோவில் காட்டினாயே, அன்றிலிருந்து அவரிடம் என் எண் இருக்கிறது. வாலிபத்தில் சரக்குத் தோணியோடு தூத்துக்குடிக்கு வந்துபோன மனிதர், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துச் சொன்னவர். எனக்குக் காதில் வைத்தால் கேட்பதில்லை, எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவேன். போட்டுவிட்டேன். ஐந்து பேரும் கேட்டோம்.

"அம்மா, நான் ஹசன். டீச்சர் போன் எடுக்கலை. பிள்ளையைத் தலைநகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தாச்சு. கண்ணு வீங்கிப் போச்சு, சீழ் வருது. டாக்டர் கேக்குறாரு, என்ன இடிச்சுது, இரும்பா, மரமா, முனை உடைஞ்சுதான்னு. மரத்துண்டு உள்ள இருந்தா படத்துல சரியாத் தெரியாதாம். நான் மேசையைப் போய்ப் பாத்தேன். மேசை உடையலை. ரத்தமும் இல்லை. பிள்ளை மேசைன்னு சொல்லுது. டீச்சர் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னுச்சா?"

சித்தப்பா எழுந்து நின்று தன் நெஞ்சில் கைவைத்து எனக்குச் சாடை காட்டினார். நெஞ்சுவலியாம். ஏஜென்ட் உதட்டில் விரல் வைத்தார். உன் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். நான் சகாய மாதாவை நினைத்தேன் என்று எழுதினால் பொய். அந்த நேரத்தில் எந்தச் செபமும் வரவில்லை. சீழ் என்ற சொல் மட்டும்தான் இருந்தது.

"மேசை இல்லைங்க தம்பி, குச்சி" என்றேன். "என் மக அடிச்சுட்டா. நீங்க செஞ்சு குடுத்த குச்சிதான். அடிக்கையில முறிஞ்சு போச்சு, அவளே அழுதுக்கிட்டுச் சொன்னா. மரத்துண்டு உள்ள இருக்கும்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்க. இப்பவே ஓடுங்க."

"என் குச்சியா?" என்றார். "அது சுவர்ப் படத்துல எழுத்தைத் தொட்டுக் காட்டத்தானே செஞ்சேன்? டீச்சர் கையில சிராய் ஏறக்கூடாதுன்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக் குடுத்தேனே. அதுல எதுக்கு அடிச்சுது?"

எங்கள் ஊரில் பிள்ளையைப் பெற்றவர் குச்சி கொண்டுவந்து கொடுத்தால் அடிக்கச் சொல்லிக் கொடுப்பது என்று அர்த்தம், அவள் அப்படி நினைத்துவிட்டாள் என்று சொன்னேன். அமலி, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது என் நாக்கு கூசியது. அவர் கத்தினார். அந்தச் சத்தத்தில் கைபேசி என் கையில் அதிர்ந்தது. "எந்த அப்பன் குடுப்பான்? எந்த அப்பன் குடுப்பான்? டீச்சர் கையை ஒடிப்பேன்! பிள்ளையை விட்டுட்டு வர முடியாது, அதனால தப்பிச்சுது. வந்தேன்னா ரெண்டு கையையும் ஒடிப்பேன்!" நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல? "மொதல்ல டாக்டர்கிட்டப் போங்க, தம்பி" என்று சொல்லி முடிப்பதற்குள் உன் அப்பா கைபேசியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். அது சிதறி விழுந்த கையோடு என் கன்னத்தில் அறைந்தார். பல் உதட்டைக் கிழித்து வாயெல்லாம் உப்புக் கரித்தது.

"பெத்த பிள்ளையக் காட்டிக் குடுத்துட்டியேடி!" என்று மறுபடி ஓங்கினார். முப்பது வருஷம் பிள்ளைகளை அடித்துப் பழகிய கை, ஓங்கும்போதே எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். ஜெரோம் பாய்ந்து அவர் தோளைப் பிடித்தான். சித்தப்பா ஜெரோமின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, பிடரியில் ஒன்று வைத்தார். ஜெரோம் திரும்பி அவரைத் தள்ளினான், கட்டிலில் மோதி ஏஜென்டின் மேல் போய் விழுந்தார், காப்பி தோல் பைமீது கொட்டியது. "ஐயோ, பாஸ்போர்ட்டெல்லாம் இருக்குய்யா!" என்று அந்த ஆள் அலறினார். நாலு பேர் அடித்துக்கொள்கிற இடத்தில் அவருக்குப் பாஸ்போர்ட். அதற்குள் உன் அப்பா கையை விடுவித்துக்கொண்டு மறுபடி என்மேல் வந்தார். என் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது என்றேன் அல்லவா? ஓங்கிய கையின் மணிக்கட்டில் அதால் அடித்தேன். முழு பலத்தோடு அடித்தேன். கிளுக் என்று ஒரு சத்தம் வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அறை முழுக்கத் தண்ணீர்.

கலியாணமான நாளிலிருந்து அவர்மேல் நான் கைவைத்ததில்லை. வைத்ததும் நிம்மதி வந்தது என்று நினைக்காதே. அந்த ஒரு நொடியில் எனக்குள் வந்த ருசி இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இந்த இடத்தை மறைக்காமல் எழுதுகிறேன். இன்னொரு தரம் அடிக்கவேண்டும் போல இருந்தது. செம்பை மறுபடி தூக்கிவிட்டேன். ஜெரோம் "ம்மா!" என்று கத்தியிராவிட்டால் தலையில் போட்டிருப்பேன். அந்த ருசி உனக்கும் தெரிந்திருக்கும். முதல் அடியோடு, தோளோடு நிறுத்தாமல் முதுகுக்குப் போனாயே, அது பிள்ளையைத் திருத்தவா? நீ உன்னையே கேட்டுப் பார். எனக்குப் பதில் வேண்டாம், இதற்கு.

ஏஜென்ட் பையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். சித்தப்பாவும் போய்விட்டார். ஜெரோம் ஆட்டோ கூட்டிவந்தான், மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வயதில் உன்னைவிடச் சின்னப் பெண். மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்படிங்கய்யா ஆச்சு?" என்று கேட்டாள். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்மா" என்றார் உன் அப்பா. அவள் எழுதத் தொடங்கினாள். "உங்க கன்னத்துல என்னம்மா?" என்று என்னைக் கேட்டாள். "அவளும் என்னையப் பிடிக்க வந்து வழுக்கிட்டா" என்றார். எவ்வளவு சுலபமாக வருகிறது பார், அமலி. வலியில் முகம் கோணியிருக்கும்போதுகூட வாக்கியம் மட்டும் கோணாமல் வருகிறது.

நான் சொன்னேன்: "வழுக்கலைம்மா. அவுக என்னைய அறைஞ்சாக. நான் செம்பால அவுக கையில அடிச்சேன்."

அவள் பேனா நின்றது. உன் அப்பா என்னைப் பார்க்கவில்லை, கட்டுப்போடும் மேசையைப் பார்த்தார். நர்சு வாயை மூடிக்கொண்டு சிரித்தாளா, பயந்தாளா தெரியவில்லை. "போலீசுக்குச் சொல்லணுமாம்மா?" என்று டாக்டர் கேட்டாள். வேண்டுமென்றால் சொல்லுங்கள், மறைக்கப்போவதில்லை என்றேன். அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினாள். அவ்வளவுதான். வெளியே வந்தோம், பேருந்து போய்க்கொண்டிருந்தது, பூக்காரி பூ விற்றுக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னதற்கு எனக்கு என்ன வரப்போகிறது என்று இன்னும் தெரியாது. உன் அப்பா என்னோடு பேசவில்லை. நான் சோறு பிசைந்து கொடுத்தால் இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார். நேற்று அவர் கையைத் தாங்கும் தூளிக்கட்டை நான் சரிசெய்துகொண்டிருந்தபோது மட்டும், சுவரைப் பார்த்தபடி, "அந்தப் பிள்ளைக்குக் கண்ணு வருமாமா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஜெரோமின் கைபேசியிலிருந்து நானே ஹசனைக் கூப்பிட்டேன். எடுக்கமாட்டார் என்று நினைத்தேன், எடுத்தார். கண்ணுக்குக் கீழே உள்ளே போயிருந்த சிராயை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்களாம். இன்னும் தாமதித்திருந்தால் கண்ணையே எடுக்க வேண்டி வந்திருக்குமாம். பார்வை வருமா என்பது கட்டைப் பிரித்த பிறகுதான். கோபம் குறையவில்லை அவருக்கு. நன்றி என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. "நல்லது செஞ்சதா நினைக்காதீங்க. உங்க மக செஞ்சதை நீங்க சொன்னீங்க, அவ்வளவுதான்" என்றார். பிறகு அவர் சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

"அம்மா, பிள்ளை இன்னும் மேசைங்குது. டாக்டர் எடுத்த மரத்துண்டைக் காட்டினேன். கையில வாங்கித் தொட்டுப் பாத்துச்சு. மேசைங்குது. அடிக்கமாட்டேன், திட்டமாட்டேன், சொல்லுன்னேன். 'மிஸ்கிட்ட சரின்னு சொல்லிட்டேன் பப்பா'ங்குது. வேற ஒண்ணும் பேச மாட்டேங்குது. சாப்பிடவும் மாட்டேங்குது." பப்பா என்றால் அவர்கள் பேச்சில் அப்பாவாம்.

கேட்டாயா? அவள் உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். ஒற்றைக் கண்ணில் கட்டோடு, பெற்ற அப்பனிடம்கூடச் சொல்லாமல், அடித்தவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் அப்பாவுக்கு உண்மை தெரிந்துவிட்டது, டாக்டருக்குத் தெரிந்துவிட்டது, காரைக்குடியில் இருக்கும் எனக்குத் தெரியும். அவள் மட்டும் அந்தப் பொய்க்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அங்கே போய் அவளை வெளியே கூட்டிவர எங்களால் முடியவில்லை. உள்ளே வைத்துப் பூட்டினவள் நீ. நீ போய்ச் சொன்னால்தான் அவள் வருவாள். நீ வெள்ளிக்கிழமை விமானம் ஏறிவிட்டால், அவள் வாழ்நாள் முழுக்க யாரோ கண்ணில் அடித்தாலும் மேசை என்று சொல்லும் பெண்ணாக வளர்வாள். அப்படி வளர்ந்த பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன் அம்மா என்று சொல்வாய். போ. ஆனால் சாமியாரிடம் சொல்வது சுலபம், அவருக்கு ஒன்றும் போகவில்லை. முதலில் அந்தப் பிள்ளையிடம் போ. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லாதே, உட்கார், அவள் முகத்துக்கு நேராக. "நான்தான் அடிச்சேன். உன்னைப் பொய் சொல்லச் சொன்னது என் தப்பு. நீ யார்கிட்ட வேணாலும் சொல்லு" என்று அவளுக்குப் புரிகிற பாஷையில் சொல். மன்னிப்பு கேட்டுவிட்டு மன்னித்தாயா என்று கேட்டுக்கொண்டு நிற்காதே, அதற்கும் அவள் சரி மிஸ் என்றுதான் சொல்லுவாள். அவள் அப்பா உன்னை அடித்தால் கையைத் தடுக்காதே, திரும்பப் பேசாதே. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய், நீ எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கி, நடந்ததை எழுதிக் கொடு.

வேலை போகும். அங்கே பிள்ளைகள்மேல் கைவைத்தால் சட்டம் சும்மா விடாது என்று ஏஜென்டே சொன்னார். வழக்கு வரலாம், உள்ளே வைக்கலாம். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ஜெரோமுக்கு இருக்கிறது, அவன் வருகிறேன் என்கிறான், நீ சரி என்றால் அடுத்த விமானத்திலேயே ஏறுவான். உன் பக்கத்தில் நிற்பான், உனக்காகப் பேசமாட்டான்.

ஒருவேளை நீ டிக்கெட்டை எடுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டால், கதவைச் சாத்தமாட்டேன். சோறு போடுவேன், படுக்கை விரிப்பேன், நீ என் பிள்ளை. ஆனால் எனக்கு நெஞ்சுவலியா என்று அங்கிருந்து யார் கேட்டாலும் இல்லை என்பேன். என் மகள் எங்கே என்று கேட்டாலும், இங்கேதான் இருக்கிறாள் என்பேன். உன் சித்தப்பாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன். "நீங்கல்லாம் ஒரு தாயா, மதினி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் உன் கையில் இருக்கிறது, என் கையில் இல்லை.

ஷிஃபாவுக்கு வியாழக்கிழமை காலையில் கட்டைப் பிரிக்கிறார்களாம். அதற்கு முன்னால் அவளிடம் போவாயா, மாட்டாயா என்று எனக்குத் தெரியவேண்டும். நீளமாக எழுதவேண்டாம், ஒரு வரி போதும். ஜெரோமின் எண்ணுக்கு அனுப்பு. சீக்கிரம் பதில் எழுது.

அம்மா